நாற்பது எண்ணுவதற்குள் ஒரு வீடு

எங்கள் சாலையில் ஒரு பட்டறை வீடாக மாறுவதற்கு நாற்பது எண்ண வேண்டும். எதிர் வரிசை ரேடியேட்டர் பட்டறை மட்டும் முப்பத்தைந்திலேயே மாறிவிடும். நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேறு வேலை இல்லை. டயர்க்காரர் கடை வாசலில் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்று தொங்கும். சாலை முனையில் அரசாங்க ஜீப் திரும்பினால் அந்த வளையத்தில் மூன்று தட்டு தட்டுவேன். அவ்வளவுதான். அதற்கு டயர்க்காரர் தினம் இரண்டு டீ வாங்கித் தந்தார்.

மூன்றாவது தட்டின் ஒலி அடங்குவதற்குள் அந்தப் பட்டறையில் நடப்பதைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள், பார்க்காதவர்கள் எப்படியும் நம்பப் போவதில்லை. ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகை விழும். பலகை மேல் பூப்போட்ட விரிப்பு. விரிப்பின் மேல் நான்கு தட்டு, ஒரு தண்ணீர்ச் சொம்பு. சுவரோரம் அடுக்கிய ரேடியேட்டர்களுக்கு முன்னால் கம்பியில் திரை ஓடும். ரேடியேட்டர்காரன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கைலியோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். பற்றவைக்கும் விளக்கை அணைத்துவிட்டு அவன் மனைவி கையில் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடமாக அந்த வெங்காயத்தை யாரும் நறுக்கியதில்லை. முளைவிட்டால் மாற்றுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அக்கா. ரேடியேட்டர்காரனின் அக்கா. தொட்டிக்கும் திரைக்கும் நடுவே கட்டிலில் படுத்து முனகத் தொடங்குவாள்.

அவள் புகுந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது பட்டறைக்கு உள்ளே இருந்தது ஓர் அறையும் அடுப்படியும்தான். தம்பிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆகவே கட்டிலைப் பட்டறையில் போட்டார்கள். இரண்டாம் நாளே ஒரு நகராட்சி இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்துவிட்டான். லைசென்ஸ் கேட்டால் இந்தச் சாலையில் தர மாட்டார்கள், கேட்காவிட்டால் பட்டறை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் யாரும் கேட்டதில்லை. அக்கா தானாகவே கட்டிலில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகல் முனகினாள். இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, வாசல் வரை குதிகாலைத் தூக்கி நடந்து போனான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பதவி கிடைத்தது. சின்ன அதிகாரிக்கு வறட்டு இருமல். நடுத்தர அதிகாரிக்கு மூச்சிரைப்பு. மேலதிகாரி வந்தால் முனகல்கூட இருக்காது, உத்தரத்தையே வெறித்துப் பார்ப்பாள். அதில் ஒருவர் அழுதே விட்டார். சுகாதாரத் துறை ஆட்கள் வந்தபோது மட்டும் தொற்றாத வியாதியாகப் பார்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் போன வருடம் கணக்கெடுப்பு வந்தது. நகரின் நில உபயோகத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்களாம். நகர மையத்திலும், அங்கிருந்து பஸ் நிலையம் வரை போகும் எங்கள் பிரதான சாலையிலும், எந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று வீடு வீடாகப் பார்த்து எழுதினார்கள். கையில் டேப்லெட்டோடு ஓர் இளம்பெண் வந்தாள். உள்ளதைச் சொல்லுங்கள், உள்ளபடிதான் வரைபடம் போடுவோம் என்று வாசலுக்கு வாசல் கெஞ்சினாள். அந்த மாதிரிப் பேச்சை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். மூன்று தட்டு தட்டினேன். சாலை மொத்தமும் அன்று தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வீடாக இருந்தது. வெல்டிங் பட்டறையில் தொட்டில் ஆடியது. டயர்க்காரர், கடையில் இருந்த நானூறு டயரும் பேரப்பிள்ளைகள் உருட்டி விளையாடுவதற்கு என்றார். எத்தனை பேரப்பிள்ளைகள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்று என்றார்.

ரேடியேட்டர் பட்டறையில் படம்கூடப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மூத்தவர் என்று அக்காவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கோடையில் வரைபடம் வந்தது. நகராட்சி மண்டபத்தில் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். வீடு என்றால் மஞ்சள், கடை என்றால் நீலம், பட்டறை என்றால் ஊதா. எங்கள் சாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மஞ்சளாக இருந்தது, வெயிலில் காயப்போட்ட புடவை மாதிரி. எல்லோரும் போய்த் தங்கள் வீட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் எங்கள் சாலை இருந்த இடத்தில் காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை வழியாகச் சுவர் தெரிந்தது. இரவோடு இரவாக வேறு தாள் ஒட்டினார்கள். அதுவும் மஞ்சள்தான்.

மஞ்சள் என்றால் என்ன என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. குடியிருப்பு மட்டும். இனிமேல் பட்டறை கண்டுபிடிக்கப்பட்டால் பூட்டி முத்திரை. பட்டறை வைக்க விரும்புகிறவர்களுக்கு நகரத்துக்கு வெளியே இருபத்து நான்கு கிலோமீட்டரில் ஒரு தொழிற்பேட்டை; அங்கே குடியிருக்கக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம். அடுத்த திட்டம் இருபது வருடம் கழித்து.

அன்றிலிருந்து ரேடியேட்டர்காரன் ஓரிடத்தில் உட்காரவில்லை. கோடை அவனுக்குச் சீசன். சாலையில் பத்தடிக்கு ஒரு கார் கொதித்து நிற்கும், மூடியைத் திறந்தால் ஆவி ஆளுயரம் எழும். வேலை குவிந்து கிடந்தது. இவனோ ஒரு ரேடியேட்டரைக் கழற்றுவான், பாதியில் போட்டுவிட்டு என்னிடம் வருவான், வந்த காரியம் மறந்து திரும்பிப் போவான். அனல் காற்றில் புழுதி பறந்து தொட்டித் தண்ணீரில் படிந்தது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிட்டான். அவன் மனைவி ஒருநாள் சொன்னாள்:

"ஒண்ணு சாப்பிடுங்க, இல்ல நடங்க. ரெண்டையும் சேர்த்துப் பண்ணி நாலு நாளா பட்டறையெல்லாம் சோத்துப் பருக்கை."

"இருபத்து நாலு கிலோமீட்டர். காலையில போய் ராத்திரி வரணும். நீ இல்லாம நான் அங்க என்ன பத்தவைக்கிறது?"

அது உண்மை. கழற்றுவது, மாட்டுவது, வாடிக்கையாளரிடம் கத்துவது எல்லாம் அவன். தலைமுடி கனத்துக்கு விட்ட விரிசலில் ஈயத்தை ஓடவிட்டு அடைப்பது அவள் கை. அந்தக் கை அடைத்த இடத்தில் மறுபடி ஒழுகியதில்லை. இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் வெளியே அவள் வெங்காயம் நறுக்குகிறவள்.

"அப்ப போய் உள்ளதைச் சொல்லுங்க."

"எதை? பட்டறை இருக்குதுன்னா?"

"இருக்குதுல்ல."

"இருபத்திரண்டு வருஷமா இல்லைன்னு சொல்லிட்டு..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் தட்டோடு வெளியே நடந்தான்.

கட்டிலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "டேய், தட்டை வச்சிட்டுப் போடா. இருக்கிறதே நாலு."

ஆட்சேபம் கேட்கும் நாளில் சாலையே மண்டபத்துக்குப் போனது. திட்ட அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். பொறுமையான முகம். மின்விசிறி அவள் முன்னாலிருந்த காகிதங்களைத் தூக்க, அவள் ஒரு செங்கல்லை வைத்து அழுத்தியிருந்தாள். ரேடியேட்டர்காரன் முறை வந்தது. கூடவே நானும் போனேன். அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சொல்லுங்க."

"எங்க வீடு பட்டறைங்க, மேடம்."

அவள் கம்ப்யூட்டரில் தேடிப் படத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினாள். டிவி, சாப்பாட்டு மேசை, வெங்காயம், கட்டிலில் அக்கா. நல்ல படம். அக்காவின் பார்வை கல்லையும் கரைக்கும்.

"இதுல பட்டறை எங்க இருக்குது?"

"அந்த மேசைக்கு அடியில தொட்டி இருக்குதுங்க. திரைக்குப் பின்னால ரேடியேட்டர்."

"லைசென்ஸ்?"

"இல்லைங்க."

"பட்டறைக் கரண்ட் இணைப்பு? போர்டு? பில் புக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் செங்கல்லைப் பார்த்தேன்.

"நான் இந்தச் சாலைக்கு மஞ்சள் அடிச்சது ஆசைப்பட்டு இல்லைங்க," என்றாள் அதிகாரி. "மையத்துல கடைக்கு மேல வீடு, சாலையோரம் சின்னத் தொழில், எல்லாம் கலந்து இருக்கட்டும்னுதான் முதல்ல வரைஞ்சேன். ஆளனுப்பிப் பார்த்தா முப்பத்தோரு கட்டடமும் வீடு. சின்னத் தொழில் ஒண்ணுகூட இல்ல. இல்லாததுக்கு நான் எப்படி இடம் ஒதுக்குறது? காலையிலயிருந்து பாக்குறேன், ஒவ்வொருத்தரா வந்து நாங்க பொய் சொன்னோம்னு சொல்றீங்க. இப்ப சொல்றது பொய் இல்லைன்னு நான் எப்படி நம்பட்டும்?"

எனக்குப் பின்னால் நின்ற டயர்க்காரர், "நான் அன்னைக்கும் உண்மைதாங்க சொன்னேன்," என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் அவள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னாள். இந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் தானே நேரில் வருவாள். எப்போது என்று சொல்ல மாட்டாள். பட்டறை நடந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தால், போன வருடம் கையெழுத்துப் போட்டவரே முன்னால் வந்து அன்று எழுதியது தப்பு என்று சொன்னால், அந்த இடத்தைத் திருத்துவாள்.

"கையெழுத்து உங்க அக்காது. படிவத்துல எழுந்திருக்க முடியாத நோயாளின்னு இருக்குது. பேசவாவது முடியுமா?"

"அதெல்லாம் நல்லாவே பேசும்," என்றான் ரேடியேட்டர்காரன் சோகமாக.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் யார் யாரிடம் பேசினாலும் பாதியில் வாசலைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் டீ வாங்கிக்கொண்டு அங்கே போனபோது மனைவி ஒரு ஜீப் ரேடியேட்டரை மடியில் சாய்த்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். விளக்கின் நீலச் சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் பேசினாள்.

"அண்ணி, அந்த அம்மா வந்தா எழுந்து உக்காந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன?"

"அதுக்கப்புறம் இங்க ஒளிக்க ஒண்ணும் இருக்காது. ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னா கட்டிலு எதுக்கு? இந்த எடத்துல ரெண்டு லாரி ரேடியேட்டர் நிக்கும். உன் புருஷன் நேத்தே அடியால அளந்து பாத்துட்டான், நான் தூங்குறேன்னு நெனச்சு." அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் எங்க நிக்கட்டும்?"

ஈயம் ஒரு சொட்டு தவறான இடத்தில் விழுந்து உறைந்தது. மனைவி அதைச் சுரண்டி எடுத்ததை நான் பார்த்தேன். அதற்கு முன் அவள் சுரண்டி நான் பார்த்ததில்லை.

"போங்க மாமா, டீ ஆறுது," என்றாள் என்னிடம்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஜீப் திரும்பியது.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரும் தட்டச் சொல்லவில்லை. தட்டக் கூடாது என்றுதான் நூறு தடவை பேசி வைத்திருந்தோம். ஆனால் கை என்னுடையது என்றாலும் அது மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஜீப்பின் மூக்கு தெரிந்ததும் மூன்று தட்டு தட்டிவிட்டேன். மூன்றாவது தட்டின்போதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

எதிரே பலகை விழுந்த சத்தம் கேட்டது.

எழுந்து ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி ஏற்கெனவே உள்ளே நின்றாள். முப்பத்தைந்தில் முடிந்திருந்தது. பூப்போட்ட விரிப்பு, நான்கு தட்டு, சொம்பு. டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரேடியேட்டர்காரன் கைலியில், கையில் ரிமோட்டோடு, திருட்டுக் கேசில் பிடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மனைவி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று தெரியாதவள் போல. கட்டிலில் அக்கா உத்தரத்தை வெறித்திருந்தாள். மேலதிகாரிக்கு உரிய மரியாதை.

அதிகாரி நாற்காலியை இழுத்து மேசை முன் உட்கார்ந்து, ஃபைலைத் தட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

"வீடு நல்லா வச்சிருக்கீங்க," என்றாள்.

அவள் பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் திரையின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. மனைவி பாதி பற்றவைத்துக்கொண்டிருந்த ரேடியேட்டரைச் சூட்டோடு திரைக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். வட்டம் பெரிதாயிற்று. ஓரம் கறுத்தது. மெல்லிசாக ஒரு புகை மேலே போயிற்று. யாரும் திரையைப் பார்க்கவில்லை. எது நடந்தாலும் திரையைப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டின் முதல் பாடம்.

"திரை புகையுதே," என்றாள் அதிகாரி.

ரேடியேட்டர்காரன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மத்தியானம் ஆனா அப்படித்தாங்க," என்றான்.

நெருப்பு பற்றிக்கொண்டது. அக்காதான் எழுந்தாள். நோயாளி எழுவது மாதிரி அல்ல, கறிச்சட்டி தீய்வதைக் கண்டவள் எழுவது மாதிரி. திரையை ஒரே இழுப்பில் கம்பியோடு பிடுங்கினாள். அதிகாரியின் ஃபைலை அவள் மடியில் தள்ளினாள். தட்டுகள் உருள, பலகையைக் காலால் எத்தி, எரிகிற திரையைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். நாலு முழம் ஆவி எழுந்தது. அது கலைந்தபோது சுவரோரம் பதினேழு ரேடியேட்டர்கள் வரிசையாக நின்று எல்லோரையும் பார்த்தன.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "நீங்கதானே எழுந்திருக்க முடியாதவங்க?"

தம்பி வாயைத் திறந்தான். ஆவேசத்தில் எழுந்துவிட்டாள், இனி பத்து நாளைக்குப் படுக்கைதான் என்று ஏதாவது சொல்லப் போகிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவளும் அதை எடுத்துக்கொண்டு அப்படியே சரிந்திருக்கலாம். அந்தக் கலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. கட்டிலை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எப்பவும் இருந்ததில்ல. இங்க பட்டறை நடக்குது. அதை மறைக்கிறதுக்காகப் படுத்தேன். அன்னைக்கு எழுதினது தப்பு, கையெழுத்து நான்தான் போட்டேன். இப்ப எங்க போடணும், காட்டுங்க."

அதிகாரி பழைய படிவத்தை எடுத்து, பட்டறை என்ற கட்டத்தில் குறியிட்டாள். பேர்பேராக வந்தாள். தம்பி, மெக்கானிக். மனைவி என்ன என்று கேட்டபோது அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "பத்தவைக்கிறது நான்," என்றாள். அதிகாரி, அக்கா பெயரில் நோயாளி என்றிருந்ததை அடித்துவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"உங்க வேலை?"

அக்கா புடவையில் கையை மறுபடி துடைத்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலும்.

"லீக் பாக்குறவங்கன்னு எழுதுங்க," என்றாள் மனைவி.

"வேணாம்மா. மறுபடி பொய் எதுக்கு," என்றாள் அக்கா.

"பொய் இல்லைங்க மேடம்." மனைவி சுவரோரத்திலிருந்து ஒரு கார் ரேடியேட்டரைத் தூக்கி வந்து, வாய்களை அடைத்து, காற்றுக் குழாயைச் செருகித் தொட்டியில் இறக்கினாள். "இது காலையில வந்தது. யாரும் பாக்கல. அண்ணி, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அக்கா தயங்கி, சுவர்ப் பக்கம் திரும்பினாள். மனைவி காற்றைத் திறந்தாள். தண்ணீரில் குமிழி வரும் சத்தம், தூங்கும் குழந்தையின் மூச்சு அளவுதான். இருபத்திரண்டு வருடம் அந்தத் தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் வேறு வேலையில்லாமல் படுத்திருந்தவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டு. ஒண்ணு கீழ மூலையில, ஊசி ஓட்டை. இன்னொண்ணு நடுவுல. அது ஓட்டை இல்ல, விரிசல், விட்டு விட்டு வருது."

அதிகாரி ஃபைலை வைத்துவிட்டுத் தொட்டியோரம் குந்திப் பார்த்தாள். கீழ் மூலையிலும் நடுவிலும் குமிழி வந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன். லீக் பாக்குறவங்க என்பதை அரசாங்கத் தமிழில் நான்கு வார்த்தையாக ஆக்கியிருந்தாள்.

வரைபடம் திரும்ப வந்தபோது எங்கள் சாலையில் ஆறு இடத்தில் மஞ்சள் மேல் ஊதாக் கோடுகள் இருந்தன, வீடும் பட்டறையும் சேர்ந்திருக்கலாம் என்று. அதிகாரி நேரில் வந்து நின்றபோது முப்பத்தொன்றில் ஆறு பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் கடைசிவரை வீடாகவே இருந்துவிட்டார்கள். அதில் பாதிப்பேர் இப்போது பேட்டைக்கு பஸ் ஏறுகிறார்கள். டயர்க்காரர் அதிகாரியை உட்காரவைத்துப் பேரப்பிள்ளையின் விளையாட்டுத் திறமையைப் பற்றி ஒருமணி நேரம் பேசினார். அவர் கடை முத்திரையோடு இருக்கிறது. எனக்கு டீ போயிற்று.

ரேடியேட்டர் பட்டறையிலிருந்து கட்டில் வெளியேறியது. அந்த இடத்தில் இரண்டு லாரி ரேடியேட்டர்கள் நின்றன. அக்கா நாள் முழுக்கத் தொட்டியருகே நின்றாள். ராத்திரி அங்கேயே பாய் விரித்துக்கொண்டாள். நாற்காலி போடவா என்று தம்பி கேட்டதற்கு, உட்கார்ந்தால் காது அடைக்கிறது என்றாள். சரியாகப் பத்து நாள். பதினோராம் நாள் காலை தொட்டி விளிம்பைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, ஜீப் எதுவும் வரலையே," என்று சிரித்தான் தம்பி. வாசலில் வண்டியோடு காத்திருந்த டிரைவரும் சிரித்தான். அவனும் பழைய ஆள்.

மனைவி விளக்கை அணைத்துவிட்டு வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"டிரைவர் அண்ணே, நாளைக்கு வாங்க. ஏங்க, ஷட்டரை இறக்குங்க."

"வெளிய நாலு வண்டி நிக்குது. அக்கா நடிப்பு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன். முனகல் ஏதாச்சும் கேக்குதா பாருங்க."

அவன் உற்றுக் கேட்டான். நானும் வாசலில் நின்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல், அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தாள். மனைவி அவளைத் தோளில் சாய்த்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தன் படுக்கையில் கிடத்தினாள். சீசன் நடுவில், பட்டப்பகலில், அந்தப் பட்டறையின் ஷட்டர் முதல்முறையாக இறங்கியது.